கப்பலேறிய கையெழுத்துப் பிரதி

1889ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். இலண்டன் நகரத்து வாடகை அறையொன்றில் அடுத்த வேலைக்காகக் காத்திருந்த மாலுமி ஒருவர், காலை உணவு முடிந்ததும் கதையொன்றை எழுதத் தொடங்கினார். போர்னியோத் தீவில் தாம் கண்ட டச்சு வணிகர் ஒருவரைக் கருவாகக் கொண்ட கதை அது. அவருக்கு அப்போது வயது 31. கப்பல் தலைவராவதற்குரிய சான்றிதழை 1886இலேயே பெற்றிருந்தார்.

பிற்காலத்தில் ஜோசப் கான்ராட் என்று உலகம் போற்றிய நாவலாசிரியர் இவரே. போலந்து இனத்தவர், 1857இல் பிறந்தவர். தாயகத்தின் விடுதலைக்கு உழைத்த தந்தையை இரஷ்ய அரசு நாடு கடத்தியது. தாய் 1865இல் இறந்தார். தந்தை 1869இல் இறந்தார். பதினொரு வயதில் அநாதையான சிறுவனைத் தாய்மாமன் ததேயுஷ் பொப்ரோவ்ஸ்கி ஆதரித்தார். கடலுக்குப் போவேன் என்று பிடிவாதம் செய்த மருமகனை 1874இல் பிரான்சின் மார்சேய் துறைமுகத்துக்கு வழியனுப்பியவரும் அவரே. பணமும் அனுப்புவார், ஊதாரித்தனத்தைக் கண்டித்து நீண்ட கடிதங்களும் எழுதுவார். தாய்மாமன்மார் எந்நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலும்!

போலிஷ், பிரெஞ்சு மொழிகளுக்குப் பின்னர், இருபது வயதைக் கடந்து கற்ற மூன்றாம் மொழிதான் ஆங்கிலம். 1884இல் அவர் நம் சென்னைக்கும் வந்தார். தம் கப்பல் தலைவரோடு பிணங்கி இங்கே இறங்கிவிட்டு, பம்பாய் சென்று வேறு கப்பல் ஏறினார்.

கதையின் தாள்களோ அவருடனேயே அலைந்தன. 1890இல் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றில் அவை மூழ்கத் தெரிந்தன. பெர்லின் புகைவண்டி நிலையத்தில் பையோடு மறந்து விடப்பட்டவற்றைச் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் மீட்டுத் தந்தார். பின்னர் ஆஸ்திரேலியா செல்லும் 'டாரன்ஸ்' என்னும் பாய்மரக் கப்பலில் அவர் முதல் துணை அதிகாரியாக இருந்தபோது, நோயுற்ற இளம் பயணி ஒருவரிடம் அத்தாள்களைக் கூச்சத்தோடு நீட்டினார். கேம்பிரிட்ஜில் பயின்றவர் அவர். மறுநாள் திரும்பி வந்தவரிடம், "இதை எழுதி முடிப்பது தகுமா?" என்று வினவினார். தகும் என்று ஒரே சொல்லில் விடை வந்தது. கதை தெளிவாக இருக்கிறதா என்றும் கேட்டார். இருக்கிறது என்றார் அவர். அந்த இளைஞர் நெடுநாள் வாழவில்லை. நூலாக அதைக் காணவும் இல்லை.

1894 ஜனவரியில் கான்ராட் கடல் வாழ்வை விட்டு நீங்கினார். அடுத்த மாதமே தாய்மாமன் மறைந்தார். அத்துயரத்தினூடேயே, சில வாரங்களில், கதை முடிவுற்றது. 1895இல் 'அல்மேயரின் மடமை' வெளிவந்தபோது ஆசிரியருக்கு வயது 37. அதன் பின்னும் மனைவியோடும் இரு மைந்தரோடும் கடன் சுமந்தே பல்லாண்டுகள் எழுதினார்; நூல்கள் நன்கு விற்கத் தொடங்கியபோது ஐம்பத்தைந்தைக் கடந்திருந்தார்.

அந்த முதல் நூல், மறைந்த ஒருவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. முழுப்பெயர் இல்லை, ததேயுஷ் பொப்ரோவ்ஸ்கி என்னும் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு மட்டுமே.