அரண்மனைச் சுவரிலும் ஒரு பெயிண்டர்!

கலாசிபாளையம் பஸ் நிலையத்தில் இறங்கி, கையில் ஒரு பையோடு பெங்களூருக்குள் வேலை தேடி நடந்த நம்மவர்கள் எத்தனையோ பேர். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மர மாளிகை நிற்கிறது. திப்பு சுல்தானின் கோடைகால அரண்மனை! தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் பலர் உள்ளே நுழைந்து பார்த்ததில்லை.

ஒரு விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள். அதிலும், வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் தொழிலில் இருப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

ஐதர் அலி 1781-இல் தொடங்கிய இந்த மாளிகையைத் திப்பு 1791-இல் முடித்தார். தேக்கு மரத் தூண்கள், வளைவுகள். சுவரிலும் விதானத்திலும் பூவும் கொடியுமாக வர்ண வேலை. இன்று பல இடங்களில் மங்கிவிட்டது. ஆனாலும் மிச்சம் இருப்பதைப் பார்த்தாலே அந்தக் கைகளின் திறமை தெரியும். ராஜா வீடும் ஒரு வீடுதானே! வீட்டுக்கு அழகு செய்ய யாரோ ஒரு தொழிலாளி சாரம் கட்டி, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க வேலை செய்திருக்கிறார்.

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. 1831 முதல் 1868 வரை மைசூர் அரசின் தலைமைச் செயலகம் இந்த மாளிகையில்தான் நடந்தது. அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் இந்தப் பூக்களுக்குக் கீழே உட்கார்ந்துதான் பைல் பார்த்தார்கள். பிறகு சிவப்புக் கட்டடமான அட்டாரா கச்சேரிக்கு அலுவலகம் மாறியது. இப்போது அது உயர் நீதிமன்றம்.

காஞ்சிபுரத்துப் போர்

மைசூர் ரயிலில் போகிறவர்கள் வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கினால் இன்னொரு அதிசயத்தைப் பார்க்கலாம். 1784-இல் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகை. அதன் மேற்குச் சுவர் முழுவதும் ஒரு போர்க் காட்சி.

எந்தப் போர் தெரியுமா? நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10-ந் தேதி நடந்த போர்! கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை ஐதரும் திப்புவும் முறியடித்த காட்சி. வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. நடுவே பெய்லி பல்லக்கில் இருக்கிறார்.

இந்தப் படம் பட்ட பாடு கொஞ்சமல்ல. போர்க் காலத்தில் இதன் மேல் வெள்ளையடித்து மறைத்தார்கள். 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு இந்த மாளிகையில் தங்கிய கர்னல் வெல்லெஸ்லி இதைச் சீர் செய்ய வைத்தார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் இவர்தான். படம் மறுபடியும் அழிந்தது. 1855 வாக்கில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி இதைப் புதுப்பிக்க உத்தரவிட்டார். பழைய படத்தை மனதில் வைத்திருந்த நம் நாட்டு ஓவியர் ஒருவர்தான் திரும்பத் தீட்டினார் என்று சொல்வார்கள்.

டல்ஹவுசியின் பெயர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஓவியர் பெயரை யார் சொல்கிறார்கள்?

நம்மூர் வித்தை

சுவரை அழகு செய்வது தமிழனுக்குப் புதிதல்ல. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பை ஊற வைத்து, சலித்து, அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்துப் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக் கரு. பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சுவர் கண்ணாடி போல மின்னும். நூறு ஆண்டு கடந்தும் சில வீடுகளில் அந்தப் பளபளப்பு போகவில்லை.

இன்று பெங்களூரில் புது வீடு கட்டுகிறவர்கள் "டெக்ஸ்சர்", "ஸ்டென்சில்" என்று கேட்கிறார்கள். கூடத்தில் ஒரு சுவரில் மட்டும் மரமும் பறவையும் வரையச் சொல்கிறார்கள். பெயர்தான் புதிது, வேலை பழையது.

பேனர் எழுதிய கைகள்

ஒரு காலத்தில் தியேட்டர் வாசலில் ஆளுயரத்துக்கு மேல் நடிகர்களை வரைந்தவர்கள் பேனர் ஓவியர்கள். பிளெக்ஸ் வந்ததும் அவர்கள் பிழைப்பு போயிற்று. 2009-இல் பெங்களூர் மாநகராட்சி தெருச் சுவர்களில் படம் தீட்ட இந்த ஓவியர்களைக் கூப்பிட்டது. சுவரொட்டி ஒட்டிய சுவர்களில் அருவியும், அம்பியும், காட்டு விலங்குகளும் தோன்றின. இது என்ன கலை என்று சிலர் குறை சொன்னார்கள். ஆனால் தூரிகையைப் பரண் மேல் போட்டவர்களுக்கு அது சில நாள் சோறு போட்டது.

கூலியும் உடம்பும்

வெறும் வர்ணம் அடிப்பதற்கும் படம் வரைவதற்கும் ஒரே சதுர அடிக் கணக்கா? இந்த வழக்கை விட வேண்டும். முதலில் ஒரு பலகையில் மாதிரி போட்டுக் காட்டுங்கள். வரையும் வேலைக்குத் தனிக் கூலி பேசி, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பூச்சு ஈரம் காயாத சுவரில் அவசரப்பட்டு வேலை செய்யாதீர்கள். வர்ணம் உரிந்தால், அவசரப்படுத்திய வீட்டுக்காரர் அல்ல, நீங்கள்தான் பழி சுமக்க வேண்டும்.

இன்னொன்று, உடம்பு. பழைய எனாமல் வர்ணங்களில் ஈயம் உண்டு. வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த சுவரையும் கதவையும் உலர்ந்தபடி சுரண்டினால் ஈயத் தூசு மூச்சில் போகும். தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். நல்ல முகக்கவசம் போடுங்கள். கை கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். வேலை உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

கர்நாடகக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயிண்டர்களும் பதியலாம். 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். வெளி மாநிலத்தவர் என்று தயங்க வேண்டியதில்லை.

அடுத்த முறை கலாசிபாளையம் பக்கம் போனால் அந்த மாளிகைக்குள் எட்டிப் பாருங்கள். மகனையும் கூட்டிப் போங்கள். "இதுவும் அப்பா செய்கிற வேலைதான்" என்று காட்டுங்கள். பொள்ளிலூர்ப் படம் இன்று இருப்பது அதற்கு உத்தரவு போட்டவரால் மட்டுமல்ல. அதை மறக்காத ஒரு தொழிலாளியாலும்தான்!