சோதிக்கப்படாத கண் சாட்சியாகாது

குருவிட்ட, இரத்தினபுரிப் பகுதிகளில் கல் வாங்குவோர் விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி விலை பேசுவதில்லை. கல்லை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளிருக்கும் குறையை அறிந்த பின்னரே பேரம் தொடங்குகிறது. வானைப் படம்பிடிக்கும் டிஜிட்டல் கமரா விடயத்திலும் இதே எச்சரிக்கை அவசியமாகும்.

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லர்ட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் ஆகியோர் கண்டுபிடித்த சி.சி.டி. எனும் ஒளியுணரி வானியலின் போக்கையே மாற்றியது. 2009 இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இவ்வுணரியின் நுண்ணிய கட்டங்களில் விழும் ஒளி இலத்திரன்களாகச் சேர்கிறது. கணினி அதனை எண்களாகக் காட்டுகிறது. அவ்வெண்கள் மெய்யானவையா என்பதே கேள்வி.

அதனை அறியச் சில சோதனைகள் உள்ளன. முதலாவது, கமராவை மூடி இருளில் எடுக்கும் படம். ஒளி விழாதபோதும் வெப்பத்தினால் இலத்திரன்கள் தோன்றும். வானியல் கமராக்கள் குளிரூட்டப்படுவது இதனாலேயே. இரண்டாவது, சீரான வெண்ணொளியை எடுக்கும் படம். தூசியின் நிழலையும் கட்டங்களுக்கிடையிலான உணர்திறன் வேறுபாட்டையும் இது காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, ஒளிபடும் நேரத்தை இரட்டிப்பாக்கினால், இருட்படத்தின் அளவைக் கழித்தபின் எஞ்சும் எண்ணும் இரட்டிப்பாக வேண்டும்.

இவற்றில் தேறினாலும் ஒளிக்கே உரிய தளம்பல் எஞ்சும். 10,000 இலத்திரன்கள் சேருமிடத்தில் ஏறத்தாழ 100 கூடவோ குறையவோ செய்யலாம். அதாவது 1 வீதம். வியாழன் அளவான கோளொன்று சூரியனையொத்த விண்மீனைக் கடக்கையில் குறையும் ஒளியும் ஏறத்தாழ 1 வீதமே. எனவே அத்தகைய ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோளைக் கண்டதாகக் கூறமுடியாது. 10 இலட்சம் இலத்திரன்கள் சேர்ந்தாலோ தளம்பல் 0.1 வீதமாகச் சுருங்கிவிடும்.

தலைப்பிறையைப் படம்பிடிப்போருக்கும் இது பொருந்தும். ஒளிமிக்க வானில் மெல்லிய பிறைக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. ஒரு தூசியின் நிழலும் அதனைக் குழப்பிவிடலாம். படத்தை ஏற்பதா என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்புக்குரியது. கமரா பொய்யுரைக்கவில்லை என்பதை உறுதிப்படுத்துவது படம்பிடித்தவரின் கடமை.

1996 இல் ஜப்பானின் உதவியாகக் கிடைத்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் அமைக்கப்பட்டது. அத்தகைய கருவி எமது பாடசாலைகளுக்கு எட்டாததாக இருக்கலாம். ஆனால் மேற்கூறிய சோதனைகளுக்குத் தெளிந்த வானம்கூடத் தேவையில்லை. ஒரு மூடி, ஒரு வெள்ளைத்தாள், மாறாத விளக்கொளி, குறிப்பெழுத ஒரு கொப்பி ஆகியன போதும். மழை ஓயாத சப்ரகமுவ இரவுகளிலும் ஒரு மாணவனால் இதனைச் செய்யமுடியும். கண்டதை நம்புமுன் கண்ட கருவியைச் சோதிக்கும் பழக்கமே விஞ்ஞானக் கல்வியின் முதற்பாடம்.