கரண்ட் போனாலும் விழாத தண்டு

திட்டக்குடியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் முதலில் கேட்பது கேபினட் ஃபேனின் 'கொர்ர்' சத்தம்தான். ஃபேனின் தண்டைத் தாங்கும் பேரிங்கில் எண்ணெய் வற்றித் தூசி சேர்ந்தால் இப்படித்தான் சத்தம் வரும். நிமிடத்திற்கு ஏறக்குறைய 2,000 சுற்று சுற்றும் ஃபேனுக்கே இந்தக் கதி. 40,000 சுற்று சுற்றினால் என்ன ஆகும்?

அப்படியும் ஓர் இயந்திரம் உண்டு. டேட்டா சென்டர்கள், பெரிய கட்டடங்கள் ஆகியவற்றைக் குளிரூட்டும் சில்லர்களில் உள்ள டர்போ கம்ப்ரசர்தான் அது. டான்ஃபாஸ் நிறுவனத்தின் டர்போகார் வகையில் மோட்டாரும், வாயுவை அழுத்தும் சக்கரமும் ஒரே தண்டில் உள்ளன. கியர் இல்லை, எண்ணெயும் இல்லை. தண்டைக் காந்தங்களே அந்தரத்தில் தாங்குகின்றன.

இதற்குச் சாதாரணக் காந்தங்கள் போதாது. நிலைக்காந்தங்களை மட்டும் வைத்து இன்னொரு காந்தத்தை அந்தரத்தில் நிலையாக நிறுத்த முடியாது என்று 1842ல் எர்ன்ஷா காட்டிவிட்டார். எனவே தண்டைச் சுற்றி மின்காந்தங்களையும் சென்சார்களையும் வைத்திருக்கிறார்கள். தண்டு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவாக விலகினாலும் சென்சார் கண்டுபிடித்துவிடும். உடனே கன்ட்ரோலர் கணக்கிட்டு, எதிர்ப்பக்கக் காயிலில் மின்சாரத்தைக் கூட்டித் தண்டை நடுவுக்கு இழுக்கும். நொடிக்குப் பல ஆயிரம் முறை இது நடக்கிறது. அதாவது, தாங்குவது காந்தம் என்றாலும் விழாமல் காப்பது ஒரு புரோகிராம்.

சரி, நடுவில் கரண்ட் போனால்? சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரே அப்போது ஜெனரேட்டராக மாறிவிடும். அந்த மின்சாரத்தில் கன்ட்ரோலரும் காந்தங்களும் தொடர்ந்து வேலை செய்யும். வேகம் குறைந்த பிறகு தண்டு, அதற்கென உள்ள துணை பேரிங்கில் மெதுவாக இறங்கும்.

நம் கம்ப்யூட்டரில் இந்த ஏற்பாடு கிடையாது. சென்ற மாதம் என் அக்கா இரண்டு மணி நேரம் டைப் செய்த கடிதங்கள், கரண்ட் போன ஒரே நொடியில் காணாமல் போயின. சேவ் செய்யவில்லை, யு.பி.எஸ்.ஸும் இல்லை.

நீங்கள் யு.பி.எஸ். வைத்திருந்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அது தரும் சில நிமிடங்கள் பாதியில் நின்ற படத்தைப் பார்த்து முடிப்பதற்கு அல்ல. பைலை சேவ் செய்து, முறையாக ஷட் டவுன் செய்வதற்கு. அப்படியே பிளக்கையும் கழற்றி, ஃபேனில் உள்ள தூசியை பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். 'கொர்ர்' சத்தமும் குறையும்.