சொட்டுற இடம் ஒன்று, ஓட்டை வேறொன்று: ரிப்பேருக்குப் பிறகும் வேனில் கூலண்ட் குறைந்தால்

நம்ம தேனி மாவட்ட ரோடுகளுக்கு ஒரு குணம் உண்டு. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரைக்கும் பள்ளத்தாக்குக்குள் ஓடும்போது பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. ஆனால் கேரளாவுக்குள் போகணும்னா போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை ஏறித்தான் ஆகணும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப், கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன்மார்களோடு போகும் வேன், மூணாறு டூர் வண்டி எல்லாம் இந்த ரோட்டில்தான் போகுது.

பட்டறையிலிருந்து வெளியே வந்த வேன் பள்ளத்தாக்குக்குள் ஒரு வாரம் ஒழுங்கா ஓடும். மலை ஏறின அன்னைக்குத்தான் ஹீட் முள் மேலே போகும். "வாட்டர் பம்ப் மாத்தியாச்சு, ஹோஸ் மாத்தியாச்சு, இன்னும் கூலண்ட் குறையுதே, எங்கே போகுதுன்னே தெரியலையே" என்ற புலம்பலை நீங்களும் கேட்டிருப்பீங்க. இதற்கு விடை நம்ம தெர்மோடைனமிக்ஸ் பாடத்தில் இருக்கு.

முதலில் போவது தண்ணீர் இல்லை, அழுத்தம்

ரேடியேட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்க (இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும்). மேலே 0.9 என்றோ 1.1 என்றோ ஒரு எண் இருக்கும். அது பார் கணக்கு. உள்ளே அவ்வளவு அழுத்தம் சேரும் வரை மூடியின் ஸ்பிரிங் வால்வு திறக்காது. 0.9 பார் என்பது சுமார் 9 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். உங்க வேனின் ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரத் தொட்டியின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு ஓடுது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அழுத்தம் எதற்கு? கொதிநிலையை உயர்த்தத்தான். உயரம் கூடக்கூட, ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறையும். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, சுமார் ஆயிரம் மீட்டர் மேலே ஏறிப் போடிமெட்டு போய்ச் சேரும்போது திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதே இடத்தில் 0.9 பார் மூடி சரியாக வேலை செய்தால் 115 டிகிரி வரைக்கும் கொதிக்காது. கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும்.

பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே திறக்கும். லோடோடு இரண்டாவது கியரில் ஏறும்போது கூலண்ட் 95, 100 என்று போவது சாதாரணம். அழுத்தம் இருந்தால் பிரச்சினை இல்லை. ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் அழுத்தம் சேராது; அழுத்தம் இல்லாவிட்டால் அந்த 100 டிகிரியிலேயே கொதிக்கும். கொதித்த ஆவி மிச்சத் தண்ணீரையும் வெளியே தள்ளிவிடும். அதனால்தான் "கால் லிட்டர்தானே குறையுது, ஊத்திக்கிட்டே ஓட்டலாம்" என்ற கணக்கு சமதளத்தில் செல்லும், மலையில் செல்லாது. அங்கே வண்டி இழப்பது கால் லிட்டர் தண்ணீரை மட்டும் இல்லை, 20 டிகிரி பாதுகாப்பையும்தான்.

இன்னொரு கணக்கும் பாருங்க. ஓட்டை வழியாக வெளியேறும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆறி நிற்கும் வேனில், ஹோஸுக்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரத்தால் கிடைப்பது 0.04 பார் அளவுதான். ஓடும்போது 0.9 பார். அழுத்தம் 22 மடங்கு, கசிவு ஏறக்குறைய 5 மடங்கு. காலையில் வீட்டு வாசலில் வண்டிக்குக் கீழே காய்ந்திருக்கு என்பது கசிவு இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

முதலில், உண்மையிலேயே கசிவுதானா?

கூலண்டை இறக்கி வேலை பார்த்த வண்டியில் காற்று சிக்கியிருக்கும். ஓடும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர, மட்டம் இறங்கும். இது கசிவு இல்லை. ரிசர்வ் டேங்கில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்க. தினமும் காலையில், இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் முன் பாருங்க. முதல் இரண்டு மூன்று ஓட்டத்தில் இறங்கி, பிறகு நின்றுவிட்டால் அது காற்று. நாலாவது, அஞ்சாவது நாளும் இறங்கினால் கசிவு.

ஏசி வண்டிக்குக் கீழே சொட்டும் தண்ணீரையும் குழப்பிக்காதீங்க. விரலால் தொட்டுப் பாருங்க. ஏசி தண்ணீருக்கு நிறமும் இருக்காது, வழவழப்பும் இருக்காது. கூலண்ட் வழுக்கும், பச்சை, சிவப்பு என்று ஏதாவது ஒரு நிறம் இருக்கும். லேசா இனிப்பு வாசனையும் வரும். ஆனால் அது விஷம். வாயில் வைக்காதீங்க, நாய், பூனை நக்கவும் விடாதீங்க.

கை பட்ட இடத்திலிருந்து ஆரம்பிங்க

ரிப்பேருக்கு முன்பு இல்லாத கசிவு ரிப்பேருக்குப் பின் வந்தால், முதல் சந்தேகம் கழற்றி மாட்டின இடங்கள் மேல்தான். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, எதையெல்லாம் கழற்றினார்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்க. வாட்டர் பம்ப் மாற்றிய வண்டி என்றால் பார்க்க வேண்டியவை:

1. ஹோஸ் கிளிப். குழாய் நுனியில் ஒரு மேடு இருக்கும். கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உட்கார்ந்திருக்கணும். மேட்டின் மேலேயே இறுக்கியிருந்தால் அழுத்தம் வந்ததும் ஹோஸ் நழுவும்.

2. பம்ப் உட்காரும் முகம். பழைய கேஸ்கட் துணுக்கு ஒட்டியிருந்தாலோ, போல்ட்டுகளை ஒரே அளவாக இறுக்காமல் விட்டாலோ அங்கே கசியும்.

3. பம்ப் சீல். பம்பின் உடம்பில் வேண்டுமென்றே விட்ட ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் இது வழியாக வெளியே வரும். புது பம்பில் முதலில் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். தொடர்ந்து வந்தால் பம்பே குறை. அந்தத் துளையை எதையாவது பூசி அடைக்கக் கூடாது.

4. ரேடியேட்டரின் வடிகால் திருகும் அதன் வாஷரும்.

5. மூடி. ரப்பர் வெடித்த பழைய மூடி இருந்தால், புது பம்ப் போட்டும் பயன் இல்லை.

சொட்டும் இடத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. மேல் ஹோஸில் கசியும் தண்ணீர் பிளாக் வழியாக வழிந்து கீழே எங்கேயோ ஒரு போல்ட் நுனியில்தான் சொட்டும். ஃபேன் காற்று வேறு அதை இன்ஜின் முழுக்கத் தெளித்துவிடும். அதனால் இன்ஜின் ஆறிய பிறகு துடைத்து, காயவைத்து, மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாங்க. ஈரத் தடத்தின் மிக உயரமான, மிக முன்னாலுள்ள புள்ளிதான் உங்க சந்தேகப் புள்ளி. பழைய கசிவு என்றால் வெள்ளையாகவோ கூலண்ட் நிறத்திலோ காய்ந்த படிவம் இருக்கும்.

அழுத்தம் கொடுத்துத் தேடுங்க

ஓடும்போது மட்டும் கசிவதை நின்ற இடத்தில் பிடிக்க ஒரு கைப்பம்ப் இருக்கு. சைக்கிள் பம்ப் மாதிரியேதான், கூட ஒரு கேஜ் இருக்கும். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடிக்குப் பதில் அதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் காற்று அடிக்கணும். கூட அடித்தால் நல்ல ரேடியேட்டரும் பிரியும். பிறகு 15 நிமிஷம் முள்ளைக் கவனிங்க. முள் இறங்கலைன்னா அமைப்பு சரி. மூடியைத் தனியாகச் சோதிக்கணும். முள் இறங்குது, வெளியேயும் ஈரம் தெரியுது என்றால் இடம் கிடைத்துவிட்டது.

முள் இறங்குது, வெளியே ஒரு சொட்டு கூட இல்லை என்றால் கசிவு உள்ளே. ஹீட்டர் உள்ள வண்டியில் முன் சீட்டுக் கால்வைக்கும் இடத்துக் கார்பெட் நனைந்திருக்கா, கண்ணாடியில் எண்ணெய்ப் பசை மாதிரி படலம் படியுதா பாருங்க. அதுவும் இல்லைன்னா ஹெட் கேஸ்கட்: இன்ஜின் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறுவது, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி. இந்த அறிகுறி ஒன்று தெரிந்தாலும் வண்டியை மலைக்கு எடுக்காதீங்க.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. சில கசிவு ஆறிய பிறகுதான் வரும். சூட்டில் விரியும் உலோகமும் ரப்பரும் இடைவெளியை அடைத்துவிடும். குளிர்ந்ததும் சுருங்கித் திறக்கும். அதனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடிகாலையிலும் ஒரு தடவை பாருங்க.

மலைக்கு முன் ஒத்திகை

கசிவை அடைத்த உடனே ஆள் ஏற்றிக்கொண்டு ஏற வேண்டாம். முதலில் காலி வண்டியில் தேனியிலிருந்து போடி போய்த் திரும்புங்க. ஆறவிட்டு மட்டம் பாருங்க. அடுத்து போடியைத் தாண்டி மலையடிவாரமான முந்தல் வரை. கோடு அசையலைன்னா அதற்குப் பிறகு மலை.

வழியில் ஹீட் ஆனால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துக் காத்திருங்க. மூடியில் கை வைக்காதீங்க. 115 டிகிரியில் இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தைச் சட்டென விடுவித்தால், அதில் ஒரு லிட்டரிலிருந்து மட்டும் 60 லிட்டருக்கு மேல் ஆவி ஒரே நொடியில் கிளம்பும். முகத்திலும் கையிலும் வாங்கிக்கொள்ள வேண்டிவரும். சூடான இன்ஜினில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். மஞ்சள்தூள் போடும் வித்தை ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

ஹீட் முள்ளையும் முழுசா நம்பாதீங்க. தண்ணீர் ரொம்பக் குறைந்து சென்சார் காற்றில் தொங்கினால் முள் சாதுவாக நடுவிலோ கீழேயோ நிற்கும், இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். மார்க்கர் கோடுதான் முள்ளைவிட நம்பகமான சாட்சி.

நம்மில் பல பேர் வீட்டில் வேனோ ஜீப்போ ஓடித்தான் காலேஜ் ஃபீஸ் கட்டுறாங்க. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும், ஆறிய வண்டியில் அந்த டேங்கில் ஒரு கோடு போட்டுட்டு, மூடியின் ரப்பரையும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. பத்து நிமிஷ வேலைதான்.