எது துல்லியமான மொழி? ஆங்கிலமும் கிரேக்கமும் ஓர் ஒப்பீடு



"கிரேக்கமே மிகத் துல்லியமான மொழி; ஆங்கிலம் குழப்பமானது" என்று சிலர் கூறுவர். விஞ்ஞானமும் சட்டமும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால் ஆங்கிலமே துல்லியமானது என்பர் வேறு சிலர். ஒப்பீட்டு வினாவொன்றுக்கு இவற்றுள் ஒன்றை மட்டும் எழுதினால் அது விடையாகாது. அது வெறும் அபிப்பிராயம். எந்த இடத்தில் எந்த மொழி துல்லியமானது என்று உதாரணத்துடன் காட்டுவதே விடை.

இங்கு கிரேக்கம் எனப்படுவது கி.மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டுகளில் ஏதென்ஸ் நகரில் வழங்கிய பழைய கிரேக்கமாகும். பிளேட்டோ எழுதியது இம்மொழியிலேயே. துல்லியம் என்பது, கருதிய பொருளை வேறு பொருளுக்கு இடமின்றிச் சொல்லுதல்.

1. பெயர்ச்சொல்

"சிங்கம் மனிதனைத் துரத்துகிறது" என்பதை "மனிதனைச் சிங்கம் துரத்துகிறது" என மாற்றினாலும் பொருள் மாறாது. 'ஐ' என்னும் வேற்றுமை உருபு செயப்படுபொருளைக் காட்டிவிடுகிறது. கிரேக்கமும் இத்தகையதே. மனிதன் எழுவாயானால் 'அந்த்ரோப்போஸ்', செயப்படுபொருளானால் 'அந்த்ரோப்போன்'. சிங்கம் எழுவாயானால் 'லெயோன்', செயப்படுபொருளானால் 'லெயொந்தா'. சொற்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் துரத்துவது யார் என்பது தெரியும்.

ஆங்கிலத்தில் இவ்வேலையைச் சொல்லின் இடம் செய்கிறது. 'லயன்' என்னும் சொல் வினைக்கு முன் நின்றால் துரத்துவது சிங்கம். பின் நின்றால் துரத்தப்படுவது சிங்கம். சொல் ஒன்றுதான். ஆங்கிலத்தில் சொல்லொழுங்கு பிழைத்தால் பொருளே தலைகீழாவது இதனாலேயே.

ஆயினும் கிரேக்கத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 'தெக்னொன்' (பிள்ளை), 'தேரியொன்' (விலங்கு) போன்ற அலிப்பாற் பெயர்கள் எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் ஒரே வடிவில் நிற்கும். இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால், பார்த்தது பிள்ளையா விலங்கா என்பதைச் சொல்லின் முடிவு காட்டாது. சந்தர்ப்பத்தைக் கொண்டே அறிய வேண்டும்.

2. வினைச்சொல்

ஆங்கிலத்தில் 'ஐ ரைட்' என்றால் எழுதுவது என் வழக்கம். 'ஐ ஆம் ரைட்டிங்' என்றால் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். கிரேக்கத்தில் இரண்டுக்கும் 'கிராஃபோ' என்ற ஒரே சொல்தான். இங்கு ஆங்கிலமே துல்லியமானது.

ஏவலில் நிலைமை மாறுகிறது. 'கிராஃபெ' என்றால் எழுதிக்கொண்டே இரு, அல்லது எழுதுவதை வழக்கமாகக் கொள். 'கிராப்ஸொன்' என்றால் எழுதி முடி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரைட்' ஒன்றே. இங்கு கிரேக்கம் முந்துகிறது.

3. பெயரடையும் பிரதிப்பெயரும்

ஆங்கிலத்தில் 'ஏ' என்றால் ஏதோ ஒன்று, 'த' என்றால் குறித்த ஒன்று. கிரேக்கத்தில் குறித்ததைக் காட்டும் அடை மட்டுமே உண்டு. 'ஏ'க்கு நேரான அடை இல்லை.

முன்னிலையில் கிரேக்கம் ஒருவருக்கு 'சூ' என்றும் பலருக்கு 'ஹூமெய்ஸ்' என்றும் கூறும். இருவரை மட்டும் குறிக்கும் இருமை வடிவமும் அதற்கு இருந்தது. ஆங்கிலத்தில் ஒருமைக்கு வழங்கிய 'தௌ' பொதுவழக்கிலிருந்து மறைந்துவிட, இன்று ஒருவருக்கும் பலருக்கும் 'யூ' ஒன்றே.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்வார். 'நாங்கள்' என்றால் சேரமாட்டார். தமிழிலுள்ள இந்த வேறுபாடு ஆங்கிலத்திலும் இல்லை, கிரேக்கத்திலும் இல்லை. ஆகவே ஒரு மொழியை முழுமையாகத் துல்லியமானது என்றோ துல்லியமற்றது என்றோ கூறவியலாது.

4. கலைச்சொல்

விஞ்ஞானச் சொற்கள் பல கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கப்பட்டவை. அதனால் அவை தவறாதவை என்று எண்ணலாமா? 'ஒட்சிசன்' என்பதை எடுத்துக்கொள்வோம். இது 'அமிலத்தை உண்டாக்குவது' என்ற பொருள்பட, கிரேக்க வேர்களைக் கொண்டு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லவோசியர் அமைத்த பெயர். எல்லா அமிலங்களிலும் இவ்வாயு உண்டு என அவர் கருதினார். ஆனால் ஐதரோக்குளோரிக் அமிலத்தில் ஐதரசனும் குளோரீனும் மட்டுமே உள்ளன, ஒட்சிசன் இல்லை. குளோரீன் ஒரு மூலகம் என்பதை 1810இல் ஹம்பிரி டேவி எடுத்துக்காட்டினார். வேர்ச்சொல் தெளிவானது, கருத்துத்தான் பிழைத்தது. இன்று அப்பெயர் குழப்பம் தராமல் இருப்பதற்குக் காரணம், அதன் பொருளை விஞ்ஞானிகள் வரையறுத்து வைத்திருப்பதே.

5. பேசுபவரின் பொறுப்பு

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் லிடியா நாட்டு மன்னன் குரோசஸ், பாரசீகத்தின்மீது போர் தொடுக்கலாமா என்று டெல்பி ஆலயத்தில் குறி கேட்டான். போருக்குச் சென்றால் ஒரு பெரும் பேரரசை அழிப்பான் என்று விடை வந்தது. மகிழ்ந்து போருக்குச் சென்றான். அழிந்தது அவனுடைய பேரரசே. இதனைக் கூறுபவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அந்த விடையில் இலக்கணப் பிழை எதுவுமில்லை. யாருடைய பேரரசு என்ற ஒன்று மட்டும் சொல்லப்படவில்லை; குரோசஸும் அதைக் கேட்கவில்லை.

நினைவிற் கொள்க

• கிரேக்கம் பெரும்பாலும் சொல்லின் முடிவாலும், ஆங்கிலம் சொல்லொழுங்காலும் துணைவினையாலும் பொருளை வரையறுக்கின்றன.
• ஒவ்வொரு மொழியும் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும். வேறு சிலவற்றைச் சொல்லாமல் விட இடமளிக்கும்.
• மொழி விட்டுவைக்கும் இடத்தை நிரப்புவது எழுதுபவரின் கடமை.

கடைசிக் குறிப்பு உங்கள் விடைத்தாளுக்கும் பொருந்தும். "அவர் அதைச் செய்தார்" என்று எழுதினால், 'அவர்' யார், 'அது' எது என்று பரீட்சகர் ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகித்துப் புள்ளி வழங்க அவருக்கு இயலாது. பெயரையும் ஆண்டையும் இடத்தையும் நீங்களே எழுதுங்கள்.

பயிற்சி

"ஒரு மொழி மற்றொரு மொழியைவிடத் துல்லியமானது" என்னும் கூற்றை, ஆங்கிலத்திலிருந்து இரண்டும் கிரேக்கத்திலிருந்து இரண்டுமாக நான்கு உதாரணங்கள் தந்து ஆராய்க.