கண்ணாடிக்குள் ஒரு கடல்

கம்பம் பள்ளத்தாக்கில் கடல் ஏது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேற்கே மலைத்தொடர், நடுவே முல்லையாறு, இருமருங்கும் நெல்வயலும் திராட்சைப் பந்தலும். இதுதான் நம் பகுதி. கடலைக் காண விரும்பினால் இராமநாதபுரம் பக்கம் பயணப்பட வேண்டும். ஆயினும் உத்தமபாளையத்தில் என் தமக்கையார் இல்லத்து வரவேற்பறையில் ஒரு சிறு கடல் இருக்கிறது. நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி. அதனுள் உப்புநீர், கல்லமைப்பு, அதன் இடுக்குகளில் புகுந்து விளையாடும் கடல் மீன்கள். அது இரண்டாவது தொட்டி. முதல் தொட்டி உடைந்துபோனது. அது உடைந்த காரணத்தை உங்களிடம் சொல்லவே இக்கட்டுரை.

வளைகுடா நாட்டில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பிய மச்சான், அங்கே கண்ட கடல் மீன் தொட்டியைப் போன்று தம் வீட்டிலும் அமைக்க ஆசைப்பட்டார். கல்லூரியில் பயிலும் அவருடைய மகன் பொறுப்பேற்றான். கற்களை அடுக்கிய அன்று நானும் உடனிருந்தேன். முதலில் மணலைப் பரப்பினோம். அதன்மேல் கற்களை ஒன்றன்மீது ஒன்றாக, கண்ணுக்கு அழகாகத் தோன்றுமாறு அடுக்கினோம். மலைபோல் உயர்ந்து நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்றாம் மாதம் ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பிய வேளையில் பெரும் சத்தம் கேட்டது. உச்சியிலிருந்த கல் சரிந்து முன்பக்கக் கண்ணாடியில் மோதியிருந்தது. இருநூற்றைம்பது லிட்டர் உப்புநீரும் கண்ணாடித் துண்டுகளும் அறையெங்கும் சிதறிக் கிடந்தன. மீன்கள் தரையில் துடித்தன. அந்தத் தொட்டியின் முன்னால் பாய் விரித்துத்தான் மச்சானின் பேத்தி பகலில் உறங்குவாள். நான்கு வயதுக் குழந்தை. அந்தக் கல் பகலில் சரிந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் குற்றம் எங்களுடையது.

எங்கே பிழைத்தோம்?

மறுநாள், எங்கள் தெருவில் மதில் கட்டிக்கொண்டிருந்த முதிய கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். சிதறிய கற்களையும் மணலையும் நோக்கிவிட்டு, "ஹஜ்ரத், மணல்மேல் யாராவது சுவர் எழுப்புவார்களா?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை.

சில கடல் மீன்களும் இறால்களும் மணலைத் தோண்டி வளை அமைத்து வாழும் இயல்புடையவை. அவை நாள்தோறும் சிறிது சிறிதாக அடிமணலைப் பறித்துவிட்டன. அடிக்கல் அரை விரற்கடை சாய்ந்தது. உச்சிக்கல் ஓர் அடி தள்ளி விழுந்தது. குற்றம் மீனுடையதன்று. தோண்டுவது அதன் இயல்பு. அந்த இயல்பை அறியாமல் அடுக்கியது எங்கள் அறியாமை.

அடித்தளத்தின் அருமையை நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1887ஆம் ஆண்டு தொடங்கி 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் வரலாறு நம் முன்னோர் வாய்வழியாக நாம் அறிந்ததே. கர்னல் பென்னிகுயிக்கும் அவருடைய தொழிலாளர்களும் எழுப்பிய தொடக்க வேலைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. அவர்கள் மீண்டும் மீண்டும் அடித்தளத்திலிருந்தே தொடங்கினார்கள். ஆற்று வெள்ளத்திற்குப் பொருந்தும் நியாயம் கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்தும்.

பாரத்தை அறிந்துகொள்ளுங்கள்

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 255 லிட்டர் நீர் கொள்ளும். உப்புநீரின் எடை மட்டும் 260 கிலோவைத் தாண்டும். கல், மணல், கண்ணாடி ஆகியவற்றையும் சேர்த்தால் 300 கிலோவுக்கு மேல் வரும். ஆகவே தொட்டியை வைக்கும் மேசை உறுதியானதாக இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, கோணலின்றி நிறுத்த வேண்டும். தொட்டியின் அடியில் தெர்மோகோல் அட்டை விரித்தால் சிறு மேடுபள்ளங்கள் கண்ணாடியை உறுத்தா.

எந்தக் கல்லை எடுப்பது?

இங்கே ஓர் எச்சரிக்கை. கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லை யாரேனும் விற்க வந்தால், அது உயிருள்ளதானாலும் உயிரற்றதானாலும் வாங்காதீர்கள். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் நெடுங்காலம் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற அரண் போயிற்று. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போயின. 1986ஆம் ஆண்டு அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளங்கள் சேர்க்கப்பட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவைக் காக்க 2015ஆம் ஆண்டு முதல் சிமெண்டுக் கட்டமைப்புகளைக் கடலுக்குள் இறக்கிச் செயற்கைப் பாறை அமைத்தார்கள். நம் வரவேற்பறை அழகுக்காகக் கடலின் அரணைப் பெயர்ப்பது தகுமா?

அதற்கு மாற்று உண்டு. நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் போதும். அதனைச் சோப்பின்றித் தூரிகையால் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைக்கலாம். துருக்கறையோ உலோகக் கோடுகளோ தென்படும் கல் வேண்டாம். சிறப்பாகச் செம்பு, இறால் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சு. சிமெண்டுடன் நொறுக்கிய சிப்பியைக் கலந்து வீட்டிலேயே கல் வார்ப்பவர்களும் உண்டு. அவ்வாறு வார்த்த கல்லை ஒரு மாதத்திற்குக் குறையாமல் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் சிமெண்டின் காரம் கசிந்து மீன்களைக் கொல்லும்.

நுண்துளைகள் எதற்கு? மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கல்லின் துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை மீன் விடாமல் பொறுத்திருங்கள். பொறுமையில்லாதவருக்கு இப்பொழுதுபோக்கு ஏற்றதன்று.

அடுக்கும் முறை

முதலாவதாக, மணலுக்கு முன் கல். தொட்டியின் அடியில் பிளாஸ்டிக் சல்லடைத் தகட்டை விரித்து, பெரிய தட்டையான கற்களை அதன்மேல் நேரடியாக அமர்த்துங்கள். பாரம் ஒரு முனையில் குவியாமல் பரவும். மணலை இறுதியில் கற்களைச் சுற்றிப் பரப்பினால், மீன் எவ்வளவு தோண்டினாலும் அடிக்கல் அசையாது.

இரண்டாவதாக, ஒவ்வொரு கல்லும் குறைந்தது மூன்று இடங்களில் ஊன்றி நிற்க வேண்டும். இது அந்தக் கொத்தனார் கற்றுத் தந்த பாடம். "இரண்டு இடத்தில் உட்கார்ந்த கல் ஆடும், மூன்று இடத்தில் உட்கார்ந்த கல் அடங்கும்" என்றார் அவர். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தால் அது தானே அமரும் பக்கம் புலப்படும்.

மூன்றாவதாக, கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பஞ்சு பிடித்த கை உள்ளே சென்று பாசியைத் துடைக்க அது வேண்டும். பின்பக்கக் கண்ணாடியில் கல்லைச் சாய்த்து வைப்பது பெரும் பிழை. அங்கே நீர் தேங்கும், கழிவு குவியும், அழுகும். கல்லமைப்பு சுவர்போல் அடைத்து நில்லாமல், குகையும் வளைவுமாக நீரோட்டம் ஊடுருவும்படி இருக்க வேண்டும். உயரம் தொட்டியின் மூன்றில் இரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

நான்காவதாக, பிணைப்பு. வளைவாகவோ முன்னோக்கி நீட்டியோ வைக்கும் கற்களைத் துளையிட்டு, அக்ரிலிக் குச்சி செருகி, மீன் தொட்டிக்கு ஏற்ற எபாக்சி பசையால் இணைக்க வேண்டும். இரும்புக் கம்பி கூடாது; உப்புநீரில் துருப்பிடிக்கும். கல்லைக் கண்ணாடியோடு ஒட்டுவதும் கூடாது.

பசையே இல்லாமல் பிணைக்கும் கலையும் உலகில் உண்டு. மாலத்தீவின் தலைநகர் மாலேயில் 1658ஆம் ஆண்டு கட்டப்பட்ட வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலை எண்ணிப் பாருங்கள். பவளக்கற்களைச் செதுக்கி, ஒன்றின் புடைப்பு மற்றொன்றின் குழியில் பொருந்துமாறு, சாந்தின்றிக் கோத்திருக்கிறார்கள். மூன்றரை நூற்றாண்டுகளைக் கடந்தும் அது நிற்கிறது. பொருத்தம் சரியாக அமைந்தால் பசை துணைதான். பொருத்தமில்லாத இடத்தில் பசை ஏமாற்றுதான்.

ஐந்தாவதாக, சோதனை. நீர் ஊற்றுவதற்கு முன், அடுக்கிய கற்களைப் பக்கவாட்டில் கையால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் பிரித்து மீண்டும் அடுக்குங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பத்துக் கிலோ சுண்ணாம்புக்கல் நீருக்குள் ஏறத்தாழ ஆறு கிலோ எடையே காட்டும். வெளியே கனத்தால் நிற்கும் கல், உள்ளே அந்தக் கனத்தை இழந்து நழுவக்கூடும். ஆதலால் வெறும் எடையை நம்பாமல் அமர்வை நம்புங்கள்.

மீண்டும் எழுந்த தொட்டி

உடைந்த ஆறாம் மாதம் மச்சான் புதிய தொட்டி வாங்கினார். இம்முறை கொத்தனாரே அருகில் அமர்ந்திருந்தார். அடுக்குவதற்கு இரண்டு நாள்கள் ஆயின. நான்கு முறை பிரித்தோம். கற்களின் எண்ணிக்கை பழைய தொட்டியில் இருந்ததில் பாதிதான். "இவ்வளவு குறைவாகவா, மாமா?" என்று மருமகன் வருத்தத்துடன் கேட்டான். நீர் நிரம்பி, மீன்கள் அந்த வளைவுகளின் ஊடே நீந்தத் தொடங்கியபோது அவனே சிரித்துக்கொண்டான்.

குழந்தை உறங்கும் பாயை மட்டும் எதிர்ச்சுவர் ஓரமாக மாற்றிவிட்டோம். கல் உறுதியாக இருக்கிறது. ஆயினும் பாய் அங்கேயே இருக்கட்டும் என்று தமக்கையார் சொல்லிவிட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது நம்பிக்கை வையுங்கள் என்னும் நபிமொழியின் கருத்தை மாணவர்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதனை அந்த வீட்டில் நடைமுறையில் காட்டியவர் அவரே.

உங்கள் இல்லத்திலும் கண்ணாடிக்குள் கடல் அமைக்க விரும்புகிறீர்களா? அமையுங்கள். சிறு உயிர்களை அடைத்து வளர்க்கிறவர், அவற்றின் வீடு இடியாமல் பார்த்துக்கொள்ளவும் கடமைப்பட்டவர். முதலில் அடிக்கல்லை அமர்த்துங்கள். மணலும் அழகும் பிறகு வரட்டும்.