அகதிப் பெண்டிரும் குடும்ப வன்முறைச் சட்டமும்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் குடியுரிமை பெற்ற மகளிருக்கு மட்டுமே உரியதெனக் கருதுவது தவறு. குடும்ப உறவில் வன்முறைக்கு ஆளான எந்தப் பெண்ணும் இதன்கீழ் முறையிடலாம். தற்காலிகமாகத் தங்கியுள்ள இடத்து நடுவரிடமே மனுச் செய்யவும் 27-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆகவே ஆப்கானிஸ்தான், மியான்மர் ஆகிய நாடுகளிலிருந்து தில்லிக்கு வந்து அடைக்கலம் புகுந்துள்ள பெண்களும் இதன் பாதுகாப்பைக் கோரலாம்.

எனினும், உரிமை இருப்பது வேறு. அதை எய்துவது வேறு. அகதிப் பெண்ணுக்கு ஊர்மொழி தெரிவதில்லை. குடும்ப ஆவணங்கள் பெரும்பாலும் கணவன் வசம் இருக்கும். புகார் செய்தால், அந்நிய மண்ணில் தனக்குள்ள ஒரே துணையான சொந்தச் சமூகமும் கைவிட்டுவிடுமோ என்ற அச்சம் அவளை வாட்டுகிறது.

இந்நிலையில் பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பு பெரிது. நிகழ்வு அறிக்கை தயாரித்தல், மருத்துவப் பரிசோதனை, இலவசச் சட்ட உதவி, தங்குமிடம் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்தல் அவரது கடமைகளாகும். பாதிக்கப்பட்டவருக்காகப் பிறரும் அவருக்குத் தகவல் தரலாம். 181 என்ற தொலைபேசி உதவி எண்ணும், 2015 முதல் அமைக்கப்பட்டுவரும் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் துணைபுரிகின்றன.

மொழிபெயர்ப்பாளராகக் கணவனின் உறவினரை அமர்த்தலாகாது. அடையாள ஆவணம் இல்லையென்று திருப்பி அனுப்புவதும் முறையன்று. சட்டம் விதிக்காத நிபந்தனையை அலுவலகம் விதித்தால், அப்பெண் மீண்டும் வன்முறைக்கே திரும்ப நேரும்.